பத்துப் பேர் கூடினால்தான் பண்டிகை

தைப்பூசம் வந்துவிட்டால் ஈப்போ மாநகரின் முகமே மாறிவிடும். புந்தோங் ஜாலான் சுங்கை பாரி மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் காவடிகளும் பால்குடங்களும் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கி நகரும். கச்சாங் பூத்தே வறுக்கும் வாசனையும் உறுமி மேளத்தின் ஒலியும் சாலையெங்கும் கலந்திருக்கும். இந்தக் கூட்டத்தைப் பார்ப்பவர்கள், "தமிழன் திருவிழாவுக்கு ஆள் பஞ்சம் வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் இதே ஈப்போவிலிருந்து சிறிது தூரம் காரோட்டிச் சென்றால் வேறொரு காட்சி தெரியும். ஒரு காலத்தில் பால்மரக்காடாக இருந்த இடம் இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ இருக்கும். லயங்கள் இருந்த சுவடே இருக்காது. ஓரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கும். ஆண்டுக்கு ஒருநாள் அங்கே திருவிழா நடக்கும். பட்டணத்திற்குப் பிழைக்கப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, கூழ் குடித்து, பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு, மாலையில் திரும்பிவிடுவார்கள். மறுநாள் அம்மனுக்குத் துணை பூசாரி மட்டும்தான்.

ஒரு திருவிழா உயிரோடு இருக்கிறது என்று சொல்ல எத்தனை பேர் வேண்டும்? நம்மவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் இதற்கு எண்ணிக்கையோடு பதில் சொன்ன ஒரு சமூகம் நமக்குப் பக்கத்திலேயே, பினாங்கில் வாழ்ந்தது. அவர்கள் சொன்ன எண்ணிக்கை பத்து. அந்தப் பத்துப் பேர் கிடைக்காமல் போனபோது அவர்களுடைய வழிபாட்டுத் தலத்தின் கதவு மூடப்பட்டது. அவர்கள் யூதர்கள்.

நேயர்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். பாலஸ்தீன மக்களின் துயரம் உலகின் மனசாட்சியை உலுக்குகின்ற காலம் இது. ஓர் அரசாங்கத்தின் செயலை எடைபோடுவது ஒன்று. பினாங்கில் கடை வைத்துப் பிழைத்த ஒரு சிறு கூட்டத்தின் வரலாற்றைப் படிப்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்த்தால், அந்த வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

நாகூர் சாலையில் ஒரு ஜெபாலயம்

பினாங்குக்கு வந்த யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழியினர். பாக்தாத்திலிருந்து பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று வணிகத்தைப் பின்தொடர்ந்து பரவியவர்கள். ஆங்கிலேயர் கொடி பறந்த துறைமுகங்களில் எல்லாம் அவர்களுடைய சிறு குடியிருப்புகள் தோன்றின. தமிழர்களில் செட்டியார்களும் மரைக்காயர்களும் இதே கடல்வழிகளில்தான் வந்தார்கள் என்பது நினைவுகூரத்தக்கது.

ஜார்ஜ்டவுனில் யூதர்களுக்கென ஓர் இடுகாடு உண்டு. அங்குள்ள கல்லறைகளில் பழமையானது 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த இடுகாடு இருந்த சாலைக்கு ஜாலான் யஹூதி என்றே பெயர் இருந்தது. பிற்காலத்தில் அது ஜாலான் சைனல் அபிடின் என்று மாற்றப்பட்டது. இடுகாடு இன்றும் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கே உள்ளன.

பினாங்கு யூதர்களுக்கு நெடுங்காலம் தனி ஜெபாலயம் இருக்கவில்லை. 1929இல்தான் நாகூர் சாலை 28ஆம் எண் கட்டடத்தில் அவர்களுடைய ஜெபாலயம் திறக்கப்பட்டது. தமிழகத்து நாகூரின் பெயரைத் தாங்கிய சாலையில், பாக்தாத்திலிருந்து வந்தவர்கள், எபிரேய மொழியில் வழிபட்டார்கள். பினாங்கு எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பத்துப் பேர் கணக்கு

யூதர் ஒருவர் தனியாக வீட்டில் இருந்தும் ஜெபிக்கலாம். ஆனால் சமூக வழிபாடு என்று வந்துவிட்டால் பத்துப் பேர் இருந்தாக வேண்டும். மரபுவழி யூதர்களின் கணக்குப்படி, பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர். இதற்கு மினியன் என்று பெயர். சில நவீனப் பிரிவுகள் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன.

அந்தப் பத்துப் பேர் இல்லையென்றால் தோரா என்னும் வேதச் சுருளை எடுத்துச் சபையில் முறைப்படி வாசிக்க முடியாது. இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் என்ற மன்றாட்டையும் சொல்ல முடியாது. தந்தை இறந்து துக்கத்தில் இருக்கும் மகன்கூட மற்ற ஒன்பது பேரைத் தேடிக்கொண்டு போயாக வேண்டும். துக்கத்தில் இருப்பவனைத் தனியே விடாமல் இருக்க இந்தக் கணக்கு எப்படி உதவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பெரிய ஊர்களில் பத்து என்பது ஓர் எண்ணிக்கையே அல்ல. பினாங்கில் அதுவே வாழ்வா சாவா என்ற எண்ணிக்கையாகிவிட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படை மலாயாவில் இறங்கியபோது பினாங்கு யூதர்களில் பலர் சிங்கப்பூருக்குத் தப்பினர். சிங்கப்பூரும் விழுந்தது. 1943இல் அங்கிருந்த யூத ஆண்கள் பிடிக்கப்பட்டுத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். அதே காலக்கட்டத்தில்தான் மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். போனவர்களில் எண்ணற்றோர் திரும்பவில்லை. போர் இரு சமூகங்களின் தலைக்கணக்கையும் குறைத்தது.

போருக்குப் பிறகு பினாங்கு யூதர்கள் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இஸ்ரேல் என்று பிரிந்து போனார்கள். 1969இல் மூன்றே குடும்பங்கள் எஞ்சியிருந்தன. 1976இல் நாகூர் சாலை ஜெபாலயம் மூடப்பட்டது. யாரும் இடிக்கவில்லை, யாரும் தடை போடவில்லை. பத்துப் பேர் இல்லை, அவ்வளவுதான். கடைசியாக எஞ்சியவர் டேவிட் மொர்தெக்காய். பினாங்கின் புகழ்பெற்ற ஈ அண்ட் ஓ ஹோட்டலின் மேலாளராக இருந்தவர். 2011இல் காலமாகி அதே இடுகாட்டில் அடக்கமானார். 47 ஆண்டுகள் மட்டுமே இயங்கிய ஜெபாலயம் அது. மூடிய பிறகு அவர் வாழ்ந்த 35 ஆண்டுகளில் எத்தனை பண்டிகைகள் வந்து போயிருக்கும்!

நிலவைப் பார்த்து வரும் பண்டிகைகள்

அந்தப் பண்டிகைகள் எவை? அவற்றைத் தெரிந்துகொள்ளும்போது தமிழ் வாசகருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது.

யூதர்களின் நாட்காட்டி நிலவின் மாதங்களைக் கொண்டது. ஆனால் பண்டிகைகள் பருவம் மாறிப்போகாமல் இருக்க, 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நமது பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதும் ஏறத்தாழ இதே கணக்குதான். பாபிலோனிலும் பாரதத்திலும் வானத்தைப் பார்த்தவர்கள் ஒரே நிலவைத்தானே பார்த்தார்கள்!

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டு வருகிறது. பத்தாம் நாள் யோம் கிப்பூர். அன்று முழுநாளும் நீர்கூட அருந்தாமல் உண்ணாநோன்பு இருந்து, செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார்கள். அடுத்து வரும் முழுநிலவில் சுக்கோத் என்னும் கூடாரப் பெருவிழா. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் குடிசையில் வாழ்ந்ததை நினைத்து, தழைகளால் கூரை வேய்ந்த சிறு பந்தலில் ஏழு நாள் உண்பார்கள். கூரையின் இடைவெளியில் விண்மீன் தெரிய வேண்டும் என்பது மரபு. இது அறுவடை விழாவும்கூட. நம் பொங்கலுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். நவம்பர், டிசம்பரில் ஹனுக்கா. எட்டு நாள் மாலையில் நாளுக்கு ஒன்றாகக் கூட்டி விளக்கேற்றுவார்கள். நம் கார்த்திகைத் தீபம் வரும் அதே பருவம்.

மார்ச், ஏப்ரலில் வரும் பாஸ்கா விழாவே இவற்றில் தலையாயது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இரவை நினைவுகூரும் விழா. சில ஆண்டுகளில் நமது பங்குனி உத்திரமும் இதுவும் ஒரே முழுநிலவில் வருவதுண்டு. அன்றிரவு குடும்பத்தோடு உணவு மேசையில் அமர்ந்ததும், அங்கிருப்பவர்களில் இளைய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். இன்றைய இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்பது கேள்வியின் சாரம். பெரியவர்கள் அதற்குப் பதிலாக, தங்கள் முன்னோர் அடிமைகளாக இருந்த கதையைச் சொல்வார்கள். அடிமைப்பட்ட கசப்பு மறக்காமல் இருக்கக் கசப்புக் கீரையை உண்பார்கள். கேள்வியும் பதிலும் முடிந்த பிறகுதான் விருந்து.

கொச்சியில் தேர்த்திருவிழா போல

யூதர்களுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு பினாங்கில் தொடங்கியதல்ல. பழைய ஏற்பாட்டில் சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் 'துக்கி' என்ற எபிரேயச் சொல், 'தோகை' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்று கால்டுவெல் உள்ளிட்ட மொழியறிஞர்கள் கருதினார்கள். சேரநாட்டு மன்னன் பாஸ்கர ரவி வர்மன் கி.பி. 1000ஆம் ஆண்டு வாக்கில் யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினான். அதில் 72 உரிமைகள் அளிக்கப்பட்டன. பகலில் விளக்கேந்தி வருவது, நடக்கும் வழியில் துணி விரிப்பது, பல்லக்கும் குடையும் கொள்வது போன்றவை அவற்றுள் அடங்கும். அந்தச் செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. சங்க இலக்கியம் பேசும் முசிறித் துறை அமைந்திருந்த கொடுங்கல்லூர் வட்டாரத்தோடு தொடர்புடையது.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளைக் கற்கள் அதன் தரையில் பதிக்கப்பட்டுள்ளன. நம் கோயில்களைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சுக்கோத் முடிந்து வரும் தோராவின் மகிழ்ச்சி நாளில், கொச்சி யூதர்கள் வேதச் சுருளை ஜெபாலயத்துக்கு வெளியே எடுத்துவந்து பாட்டோடு சுற்றி வருவார்கள். மற்ற நாட்டு யூதர்கள் பொதுவாக உள்ளேயே சுற்றி வருவது வழக்கம். கேரளத்துக் கோயில் உற்சவங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், தங்கள் வேதத்துக்கும் உலா நடத்தினார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வந்த மண்ணின் வழக்கத்தை ஏற்றுக்கொண்டும் தங்கள் அடையாளத்தை இழக்காமல் வாழ முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1950களில் கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். பரதேசி ஜெபாலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவில் 1968இல் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. ஆனால் விழாவின் சிறப்பு ஆள் குறைவதைத் தடுக்கவில்லை. பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் யூதப் பயணிகளைச் சேர்த்துக்கொண்டுதான் அங்கே பத்துப் பேரை நிறைவு செய்ய வேண்டியிருந்தது.

ஆயினும் பினாங்குக்கும் கொச்சிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொச்சியிலிருந்து போனவர்கள் கூட்டமாகப் போனார்கள். நெவாத்திம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் கூட்டமாகவே குடியேறினார்கள். கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் மலையாளத்தில் பாடிய பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த நோட்டுகள் அவை. கடல் கடந்து போனபோது அவற்றையும் கொண்டுபோனார்கள். ஸ்கரியா சக்கரியாவும் ஒபிரா கம்லியேலும் அப்பாடல்களைத் தொகுத்து 2005இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த நூலின் பெயர் 'கார்குழலி' என்று தொடங்குகிறது. எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர். ஊர் போனாலும் பாட்டு போகவில்லை. காரணம், எழுதி வைத்த நோட்டுகள்.

பேராக் எல்லையில் ஒரு யூதர்

பேராக் மக்களுக்கு யூதர் ஒருவரின் பெயர் வேறொரு வகையில் அறிமுகமானது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவர 1955 டிசம்பர் 28, 29ஆம் நாட்களில் பாலிங்கில் பேச்சுவார்த்தை நடந்தது. சித்தியவானில் பிறந்த சின் பெங், பேராக்கின் கிளியான் இந்தான் பகுதிக் காட்டிலிருந்து வெளியே வந்து பாலிங் போனார். அவருக்கு எதிரே துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக் ஆகியோருடன் அமர்ந்தவர் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல். பாக்தாத் வழி யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

சிங்கப்பூரில் மார்ஷலின் சமூகத்துக்கு இரண்டு ஜெபாலயங்கள் இருந்தன. 1878இல் வாட்டர்லூ சாலையில் திறக்கப்பட்ட மகேன் அபோத், 1905இல் மனசே மேயர் கட்டிய செசெட் எல். இரண்டும் இன்றும் இயங்குகின்றன. சிங்கப்பூரிலும் யூதர்கள் சிறுபான்மையினரே. ஆயினும் அங்கே பத்துப் பேர் கிடைத்தார்கள், பினாங்கில் கிடைக்கவில்லை. பினாங்கிலிருந்து போனவர்களில் சிலரும் சிங்கப்பூர்ச் சபையில்தான் சேர்ந்தார்கள். சிறு ஊர் காலியாவதும் பெரிய நகரம் நிரம்புவதும் எந்தச் சமூகத்துக்கும் பொதுவான கதை.

லயங்கள் காலியான பிறகு

இப்போது பேராக் தோட்டங்களுக்குத் திரும்பலாம். பிரேசில் நாட்டு ரப்பர் விதையிலிருந்து முளைத்த கன்றுகளில் ஒன்பது, 1877இல் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடென்டின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பது கன்றுக்குப் பின்னால் காடு வந்தது. காட்டுக்குப் பின்னால் தமிழன் வந்தான். கங்காணி முறையிலும், 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதியின் உதவியிலும் வந்தவர்கள் ஏராளம். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும் வரை கப்பல்கள் நிற்கவில்லை.

லயம் என்றால் பத்து வீடு, இருபது வீடு ஒரே கூரையின் கீழ். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடியவர்கள் மாலையில் கோயில் திடலில் கூடினார்கள். மழை நாளில் வெட்டு இல்லை, இலையுதிர் காலத்தில் பால் குறையும், சம்பளமும் குறையும். ஆனாலும் சம்பளத்திலிருந்து கோயிலுக்கென ஒரு தொகை கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. கரகம் எடுக்க ஒரு குடும்பம், தப்படிக்க ஒரு குடும்பம், கூழ் காய்ச்ச நான்கு பெண்கள், தீமிதிக்குக் கட்டை வெட்ட இளைஞர்கள் என்று ஆளுக்கொரு வேலை. அங்கே பத்துப் பேருக்கா பஞ்சம்!

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குறைந்த ஆட்கள் போதும் என்றானது. நிலம் வீடமைப்புக்குப் போனபோது, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். பினாங்கு யூதர்கள் விருப்பத்தோடு கப்பலேறினார்கள் என்றால், நம்மவர்களில் பலருக்கு விருப்பம் கேட்கப்படவே இல்லை. கூட்டமாக இருந்தவர்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனியாகச் சிதறினார்கள். கோயில் நின்ற நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்ததால், பல கோயில்களுக்குச் சொந்தப் பட்டா இல்லாமல் போனது.

யூதர்களுக்குப் பத்து என்ற கணக்கு இருந்தது. ஒன்பதாகக் குறைந்த அன்றே, இழந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நமக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. பூசாரி ஒருவர் கற்பூரம் காட்டினாலும் பூசை நடந்துவிட்டதாகவே நாம் நினைக்கிறோம். அது நம் சமயத்தின் பெருந்தன்மை. ஆனால் அதே பெருந்தன்மை நம் கண்ணை மறைத்துவிடுகிறது. கரகம் எடுத்த குடும்பம் வரவில்லை. வாடகைக்கு ஆள் வந்தது. தாலாட்டுப் பாடிய பாட்டி இல்லை. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வந்தது. ஒவ்வொன்றாகக் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. தோட்டக் கோயில் நிர்வாகங்கள் முன்னாள் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எந்தக் குடும்பம் எந்தப் பணியைச் செய்தது என்றும் குறிக்கலாம். முதியவர்கள் பாடும் மாரியம்மன் தாலாட்டையும் கும்மிப் பாட்டையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யலாம். நிலத்தின் உரிமையைக் கேட்டு, பதிவுள்ள சங்கமாக, ஆவணங்களோடு அணுகலாம். கொச்சிப் பெண்களிடம் இருந்தவை சாதாரண நோட்டுகள்தாம், அவைதாம் நிலைத்தன.

இவற்றைவிட எளிதானது ஒன்று உண்டு. பாஸ்கா இரவில் யூதப் பிள்ளை கேட்கும் கேள்வியை நம் பிள்ளைகளும் கேட்க இடம் கொடுப்பது. தோட்டத் திருவிழாவுக்கு வரும் பிள்ளைக்கு அங்கே வெயிலும் கூட்டமும்தான் தெரிகிறது. "ஏன் இவ்வளவு தூரம் வந்து இந்தச் சின்னக் கோயிலில் கும்பிடுகிறோம்?" என்று கேட்டால், "சும்மா இரு, சாமி குத்தம்" என்று அடக்கிவிடுகிறோம். அடக்க வேண்டிய கேள்வியா அது? கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தது, பாட்டி வாளி சுமந்தது, சயாமுக்குப் போன பெரியப்பா திரும்பாதது எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலில் அல்லவா இருக்கின்றன!

கூழ் ஊற்றுவதற்கு முன் பத்து நிமிடம். தோட்டத்தில் பிறந்த பெரியவர் ஒருவர் எழுந்து, இந்த இடம் என்னவாக இருந்தது என்று சொல்ல வேண்டும். எதிரே பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தப் பத்துப் பேர் அடுத்த ஆண்டும் வந்தால், பேராக்கின் அந்தச் சின்னக் கோயிலுக்குத் திருவிழா இருக்கிறது என்று நம்பலாம்.